டாக்டர் ஹெஞ்சும் முடக்குவாத ஆராய்ச்சியும்

மக்கள் உடம்பைப் பற்றும் நோய்கள் பலவற்றுள், உயிரை விரைவிற் கவராது, வாழ்வை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பறிப்பன சில உள. அவற்றுள் ஒன்று முடக்குவாதம். இந்நோய் கைவிரல்களைக் கோணச் செய்யும். முழங்கால்களை வீங்கச் செய்யும். காலையில் படுக்கையை விட்டெழுதற்கும் பிறர் துணையை நாடச் செய்யும். கவளத்தை வாய்க்குக் கொணர்தலும், ஆடைக்குப் பொத்தான் மாட்டுதலும், எழுதுகோலைப் பிடித்தலும் இந்நோயுடையார்க்குப் பெருஞ் செயல்களாகி விடுகின்றன. இது முதியோர்க்கே உரியதெனப் பலர் கருதுவர். ஆயின், இருபது முப்பது வயதினரையும் இது பற்றும். ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றும்.

இந்நோய் ஒருமுறை பற்றின், பின்வாங்குதல் அரிது. அதன் போக்கைத் திருப்புதல் இயலாது என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர் பலர் கொண்டிருந்த முடிபு. அம்முடிபு தவறுடையதென்று காட்டியவர் அமெரிக்க மருத்துவராகிய டாக்டர் பிலிப் ஷோவால்ட்டர் ஹெஞ்ச் என்பார். அவர் அவ்வுண்மையை எங்ஙனம் கண்டார், கண்டதனை எத்துணை ஆண்டுகள் விடாது பற்றி நின்றார், தாம் தந்த மருந்தின் குறைகளையும் எங்ஙனம் மறையாது உரைத்தார் என்பனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

நோயின் இயல்பு

நம் முன்னோர் மூட்டினைக் 'கீல்' என்றனர். அதன்கண் வரும் வாதநோயைக் கீல்வாதம் என்றனர். வாதமாவது காற்று. அக்காற்றின் கேடே மூட்டு நோய்க்குக் காரணம் என்பது அவர் கொள்கை. மேனாட்டார் வழங்கும் 'ருமாட்டிஸம்' என்னுஞ் சொல்லோ, ஒழுகுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தீய நீரொன்று உடம்பினுள் ஒழுகி மூட்டுக்களில் தங்குதலால் நோய் விளைகின்றதென அவர்தம் முன்னோர் எண்ணினர். காற்றென்றும் நீரென்றும் வேறுபட உரைப்பினும், உடம்பினுள் இயங்கும் ஒன்றன் கேடே இந்நோய்க்குக் காரணம் என்பதில் இரு திறத்தாரும் ஒத்து நின்றமை அறியத்தக்கது.

இக்காலத்து அறிஞர் கூறுவது வருமாறு: இரண்டு எலும்புகள் கூடும் மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தி நிற்கின்றது. மூட்டு உராய்வின்றி இயங்குதற்கு வேண்டிய வழுவழுப்பான நீரைச் சுரப்பது இச்சவ்வே. முடக்குவாதத்தில் இச்சவ்வு வீங்கித் தடித்துப் படர்ந்து, அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து விடுகின்றது. புறத்தினின்று வந்த கிருமி எதுவும் அங்கே நின்று இதனைச் செய்யவில்லை. நோய்க்கிருமிகளை எதிர்த்தற்கென்று நம் குருதியில் அமைந்துள்ள காவற்படையே, தன்னைச் சார்ந்தது இது, அயலது இது எனப் பகுத்தறியும் ஆற்றல் பிறழ்ந்து, தான் காக்க வேண்டிய உடம்பையே தாக்குகின்றது. இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். முடக்குவாதமும், தோல், மூட்டு, சிறுநீரகம் முதலிய பல உறுப்புக்களைப் பற்றும் 'லூப்பஸ்' என்னும் நோயும் இவ்வினத்தைச் சார்ந்தன.

உடம்பு தன்னைத்தானே தாக்கும் என்பதனை ஏற்றுக்கொள்ள அறிஞர் உலகம் நெடுங்காலம் தயங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பேரறிஞர் பால் எர்லிக், தன்னைத் தானே நச்சுறுத்திக் கொள்ளுதற்கு உடம்பு இயல்பாகவே அஞ்சி ஒதுங்கும் என்றார். அவர் சொல்லுக்கிருந்த மதிப்பினால் அக்கருத்தே பல்லாண்டு நிலவியது. 1940-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு எரிக் வாலர் என்பார் முடக்குவாத நோயாளரின் குருதியில் வியத்தகு எதிர்ப்பொருள் ஒன்றனைக் கண்டார். 1948-இல் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் லூப்பஸ் நோயின் அடையாளமாகிய ஒருவகை உயிரணுவைக் கண்டு வெளியிட்டனர். 1956-இல் ரோஸ், விட்டெப்ஸ்கி என்னும் இருவர், முயலின் தைராய்டுச் சுரப்பியை அதன் உடம்பே தாக்குமாறு செய்யலாம் என்று மெய்ப்பித்தனர். இவற்றின் பின்னரே இக்கொள்கை வேரூன்றியது.

ஹெஞ்ச் தம் பணியைத் தொடங்கிய நாளில் இவற்றுள் ஒன்றும் அறியப்படவில்லை. பல்லின் அடியிலோ தொண்டைச் சதையிலோ கிருமிகள் மறைந்திருந்து மூட்டுக்களுக்கு நஞ்சை அனுப்புகின்றன என்பதே அன்று பெருவழக்காயிருந்த கொள்கை. அதனை நம்பி நோயாளரின் பற்களைப் பிடுங்கினர். தொண்டைச் சதையை அறுத்தெறிந்தனர். பல்லிழந்தும் நோயிழவாதார் பலர்.

ஹெஞ்சின் இளமை

ஹெஞ்ச் 1896-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். லாபயெட் கல்லூரியில் 1916-இல் பட்டம் பெற்று, பின்னர்ப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1920-இல் தேர்ச்சியுற்றார். அடுத்த ஆண்டே மினஸோட்டா மாகாணத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தை அடைந்தார். 1926-இல் அங்கு வாதநோய்ப் பிரிவின் தலைவரானார். அந்நாளில் வாதநோய்ப் பிரிவு இளைஞரின் உள்ளத்தைக் கவருவதொன்றன்று. தீராத நோயினரைத் தேற்றி அனுப்புதலே அங்குச் செய்யக்கூடிய பணியெனக் கருதப்பட்டது.

ஹெஞ்சுக்குத் துப்பறியும் கதைகளில் பெருவிருப்பம் இருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் பதிப்புக்களையும் அவை தொடர்பான பொருள்களையும் அவரும் அவர் மனைவியாரும் அரிதின் முயன்று தொகுத்தனர். அத்தொகுதி மினஸோட்டாப் பல்கலைக்கழகத்திற் காக்கப்பட்டு வருகின்றது. பிறர் பொருட்படுத்தாத சிறு தடயத்தைப் பற்றிக்கொண்டு உண்மையை நாடும் இயல்பு, அவருடைய மருத்துவப் பணியிலும் விளங்கிற்று என்பதனை இனிக் காண்பாம்.

நோயாளி ஒருவரின் சொல்

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், 65 வயதுடைய நோயாளி ஒருவர் ஹெஞ்சிடம் ஒரு செய்தியைக் கூறினார். அந்நோயாளியும் ஒரு மருத்துவரே. முடக்குவாதத்தால் வருந்திய அவர்க்கு மஞ்சட்காமாலை கண்டது; காமாலை கண்டதும் மூட்டுநோவு குறையத் தொடங்கிற்று. காமாலை ஏறத்தாழ நான்கு வாரங்களில் நீங்கியது. ஆயின் மூட்டுநோவோ, அது நீங்கிய பின்னரும் பல மாதங்கள் திரும்பவில்லை.

ஒரு நோய் மற்றொரு நோயைத் தணித்தது என்னும் இச்செய்தியைக் கேட்போர், 'தற்செயல்' என்று கூறி விடுத்தல் எளிது. ஹெஞ்ச் அவ்வாறு விடுத்தாரல்லர். தம்மிடம் வரும் நோயாளருள் காமாலையுற்றவர் எவரெனத் தேடினார். அவர்தம் மூட்டுக்களின் நிலையை வினவிக் குறித்துக்கொண்டார். ஒருவர் இருவராகி, இருவர் பலராயினர். காமாலை மிகுந்தபோது வாதம் தணிதலும், காமாலை நீங்கிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் வாதம் மீளுதலும் பலரிடத்தும் காணப்பட்டன.

பின்னர் மற்றொரு தடயமும் கிடைத்தது. முடக்குவாதமுடைய மகளிர் சிலர், தாம் கருவுற்றிருக்குங் காலத்தில் நோய் தணிந்து நடமாடுதலையும், மகப்பேற்றின் பின்னர் நோய் மீண்டும் பற்றுதலையும் எடுத்துரைத்தனர். அறுவைச் சிகிச்சையின் பின்னும் பட்டினியின் பின்னும் சிறிது காலம் நோவு தணிதலையும் அவர் கண்டார்.

இத்தடயங்களிலிருந்து ஹெஞ்ச் எய்திய முடிபுகள் மூன்று. முதலாவது: நோய் சில நாளிலே தணியுமாயின், மூட்டு முற்றும் அழிந்துவிடவில்லை என்பது பெறப்படும்; எனவே இந்நோய் மீட்டற்குரியது. இரண்டாவது: காமாலையோ கருப்பமோ கிருமிகளைக் கொல்லும் ஆற்றலுடையதன்று, எனவே கிருமியே காரணம் என்னும் கொள்கை ஐயத்திற்குரியது. மூன்றாவது: காமாலை ஆடவர்க்கும் வரும், கருப்பம் மகளிர்க்கே உரியது; ஆதலின் நோயைத் தணிக்கும் பொருள் பித்தநீருமன்று, பெண்மைக்கே உரிய சுரப்புமன்று; இருபாலார் உடம்பிலும் இயல்பாக அமைந்த வேறொன்றாதல் வேண்டும். பெயரறியாத அப்பொருளை அவர் 'எக்ஸ்' என்று குறித்தார்.

அதன்பின் பல்லாண்டு முயற்சி தொடர்ந்தது. பித்த உப்புக்களைக் கொடுத்துப் பார்த்தார். ஈரலின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். காமாலையுற்றவரின் குருதியை நோயாளர்க்குச் செலுத்திப் பார்த்தார். நிலைத்த பயன் ஒன்றும் விளையவில்லை. எனினும், தாம் கண்ட காட்சி மெய்யாதலின், அதற்குரிய காரணமும் உளதாதல் வேண்டும் என்னும் உறுதி அவரை விட்டகலவில்லை.

கெண்டலின் ஆய்வுக்கூடம்

அதே மேயோ நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்னும் வேதியியலறிஞர் பணிபுரிந்து வந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று தைராய்டுச் சுரப்பியின் சாரமாகிய தைராக்ஸினைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுத்தவர் இவரே. பின்னர் இவர் அட்ரீனல் சுரப்பியை ஆராயப் புகுந்தார். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்துள்ள சிறு சுரப்பி இது. இதன் புறணியிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, அவற்றிற்கு ஏ, பி எனத் தொடங்கி எழுத்துக்களாற் பெயரிட்டார். அவற்றுள் 'ஈ' என்னும் பொருளே பிற்காலத்திற் புகழ்பெற்றது. சுவிட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்பாரும் இத்துறையிற் சிறந்த ஆராய்ச்சிகள் செய்து வந்தார்.

உணவு மேசையிலும் தாழ்வாரத்திலும் சந்திக்கக்கூடிய இருவர் மருத்துவரும் வேதியியலாருமாக ஒரே நிலையத்தில் வாழ்ந்தமை மருத்துவ உலகின் நற்பேறாயிற்று. தேடப்படும் 'எக்ஸ்' அட்ரீனற் புறணியில் இருத்தல் கூடுமோ என்று இருவரும் ஆராய்ந்து, பொருள் 'ஈ'யை முடக்குவாதத்தில் ஆய்ந்து பார்த்தல் வேண்டுமென 1941-ஆம் ஆண்டு சனவரியில் முடிவு செய்தனர். ஆயின், எருதுகளின் சுரப்பிகளைப் பெருந்தொகையாகக் கொணர்ந்து வடித்தாலும் கிடைப்பது அணுவளவே. அதற்கிடையில் போரும் மூண்டது. ஹெஞ்ச் படை மருத்துவராய்ப் பணியாற்றச் சென்றார்.

போர்க்காலத்தில் மெர்க் மருந்து நிறுவனத்தைச் சார்ந்த லூயிஸ் ஸாரெட் என்னும் இளைஞர், எருதின் பித்தநீரிற் கிடைக்கும் அமிலம் ஒன்றிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து, 1944-இல் பொருள் 'ஈ'யைச் செயற்கையாக ஆக்கினார். ஈண்டு ஒரு வியப்பு உளது. காமாலையிலிருந்து தொடங்கிய ஹெஞ்ச் பித்தத்திற் பயன் தேடிக் காணாது அதனை விட்டொழித்தார். இறுதியில் அவர்க்கு வேண்டிய பொருளை வேதியியலார் பித்தத்திலிருந்தே ஆக்கித் தந்தனர்.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர்

1948-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 29 வயதுடைய பெண்மணி ஒருவர் மேயோ நிலையத்திற்கு வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக முடக்குவாதத்தால் வருந்தியவர் அவர். காமாலையை உண்டாக்கக்கூடிய மருந்தொன்றை ஹெஞ்ச் அவர்க்குக் கொடுத்தார், பயன் விளையவில்லை. எனினும் அப்பெண்மணி நலம் பெறாது வீடு திரும்ப இசையவில்லை. அவருடைய உறுதியே ஹெஞ்சை மேலும் ஒரு முயற்சிக்குத் தூண்டிற்று. மெர்க் நிறுவனத்தாரிடம் பொருள் 'ஈ'யில் ஒரு சிறு பகுதியைக் கேட்டுப் பெற்றார்.

செப்டம்பர் 21-ஆம் நாள் முதல் ஊசி போடப்பட்டது. அளவு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். மூன்றாம் நாளில் அவருடைய மூட்டுக்களின் இறுக்கம் நெகிழ்ந்தது, நடை எளிதாயிற்று. சில நாட்களில், படுக்கையிற் புரளவும் இயலாதிருந்த அவர், ஊருக்குள் சென்று கடைகளில் மூன்று மணி நேரம் சுற்றித் திரும்பினார்.

1929-இல் ஒரு முதியவர் கூறிய சொல்லுக்கு 1948-இல் விடை கிடைத்தது. இடைப்பட்டவை பத்தொன்பது ஆண்டுகள். ஆயினும் ஹெஞ்ச் உடனே உலகிற்கு அறிவித்தாரல்லர். ஒருவரிடம் கண்டதனை மற்றவரிடமும் காணும்வரை பொறுத்திருந்தார். ஸ்லோக்கம், பாலி என்னும் துணை மருத்துவருடன் கூடி 14 நோயாளரிடம் ஆய்ந்த பின்னரே, 1949 ஏப்ரலில் தம் நிலையத்தார் அவையில் வெளியிட்டார். மருந்துக்கு முன்னும் பின்னும் நோயாளர் நடந்த நிலைகளை அசையும் படமாகவும் காட்டினார். உயிர்ச்சத்து 'ஈ' எனப் பிறழ உணர்தற்கு இடமின்மைப் பொருட்டு, இம்மருந்துக்குக் 'கார்ட்டிஸோன்' எனப் பெயரிடப்பட்டது. 1950-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மருந்தின் மறுபுறம்

இவ்வரலாறு இத்துடன் முடிந்ததாயின் இனிய கதையாகும். ஆனால் உண்மை வரலாறு ஆகாது. மருந்தை நிறுத்தியவுடன் நோய் மீண்டது. மருந்தின் இருப்போ மிகக் குறைவு; 1949-இல் அதன் விலை கிராம் ஒன்றுக்கு 200 டாலர். எழுந்து நடந்தவர் மீண்டும் படுக்கையில் வீழ்ந்த துயரத்தை ஹெஞ்ச் நேரிற் கண்டார். மருந்தைத் தொடர்ந்து பெற்றவர்க்கோ வேறு இடுக்கண்கள் விளைந்தன: முகம் முழுமதி போல் வீங்கிற்று; எலும்பு வலுவிழந்தது; குடற்புண் தோன்றிற்று; சிலர்க்கு மனநிலையும் திரிந்தது. மேலும், புறத்திருந்து இம்மருந்து நெடுநாள் வருமாயின், உடம்பின் சுரப்பி தன் தொழிலை மறந்து உறங்கி விடுகின்றது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துதல் உயிர்க்கே இடையூறாம். இக்காரணத்தாலேயே இவ்வகை மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துவர்.

செய்தித்தாள்கள் அற்புதம் என்று முழங்கிய நாளிலும், இது நோயை வேரறுப்பதன்று என ஹெஞ்ச் எச்சரித்தே வந்தார். அவர் கூறிய உவமை ஒன்று நம்மனோர்க்கு நன்கு விளங்கும். கார்ட்டிஸோன் நெருப்பை அணைப்பதன்று. எரிந்த வீட்டைத் தச்சன்போல் செப்பனிடுவதுமன்று. நெருப்பினிடையே உடம்பைக் காக்கும் கல்நார் உடை போன்றது. அதனை அணிந்த நோயாளி, விவிலியம் கூறும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்பாரை ஒப்பான் என்றார். தானியேல் ஆகமத்தைக் கற்றோர் இதன் நுட்பத்தை அறிவர். அம்மூவர் சேதமுறாது நின்றபோதும் சூளையின் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. அங்ஙனமே கார்ட்டிஸோன் தரும் நலத்தினூடும் நோய் உள்நின்று எரிகின்றது. உடை களையப்படின் உடம்பு வேகும்.

1954-இல் இங்கிலாந்தில் முடக்குவாத நோயாளர் 61 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்குக் கார்ட்டிஸோனும், மற்றவர்க்கு எளிய மருந்தாகிய ஆஸ்பிரினும் ஓராண்டளவு கொடுத்து ஒப்பிட்டனர். இரண்டின் பயனும் பெரிதும் வேறுபடவில்லை என்பது முடிபு. புகழின் உச்சியிலிருந்த மருந்து மதிப்பிழந்தது. ஆயினும் அளவறிந்து கொடுப்பின் பயன் உண்டென்பது பின்னர்ப் புலனாயிற்று. அவ்வினத்தைச் சார்ந்த பிரெட்னிஸொலோன் என்பதனை நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் என்னும் சிற்றளவிற் கொடுத்தால், எலும்பு அரிக்கப்படுதல் தணிகின்றதென 1995-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. முதலில் பேரளவாற் புகழ்பெற்ற மருந்து, பின்னர்ச் சிற்றளவால் தன் இடத்தை அடைந்தது.

பின்வந்த பயன்கள்

ஹெஞ்ச் 1965-இல் மறைந்தார். அவர் திறந்த வழியிற் பலர் சென்றனர். முடக்குவாதத்திற்கு இக்காலத்து முதன்மையாக வழங்கும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். 1992-இல் லண்டன் மாநகரில் பெல்ட்மன், மெய்னி என்னும் இருவர், மூட்டழற்சியைத் தூண்டும் தூதுப்பொருள்களுள் தலையாயதொன்றை மட்டும் தடுக்கும் மருந்தை நோயாளர்க்கு முதன்முறையாகக் கொடுத்து வெற்றி கண்டனர். இவற்றின் பயன் முற்ற விளைதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை நோயாளியைத் தாங்குதற்குக் குறைந்த அளவிற் குறுகிய காலம் ஹெஞ்சின் மருந்தினம் துணை செய்கின்றது. 2020-இல் கொரோனாக் கொள்ளைநோயின்போது, அவ்வினத்தைச் சார்ந்த டெக்ஸாமெத்தஸோன், மூச்சுக் கருவியின் துணையால் உயிர்த்திருந்த நோயாளரிடத்து இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்ததென ஆக்ஸ்பர்டு அறிஞர் கண்டனர்.

'எக்ஸ்' என்னும் ஒரு பொருளே காமாலையிலும் கருப்பத்திலும் நோயைத் தணிக்கின்றது என ஹெஞ்ச் கருதியது முற்றும் சரியன்று. கருவுற்ற மகளிர்க்கு நோய் தணிதலுக்குப் பல காரணங்கள் கூடி நிற்கின்றன என்பது இக்கால முடிபு. கருதுகோள் மாறினும், அவர் கண்ட காட்சி மாறவில்லை. இந்நோய் மீட்டற்குரியது என்னும் அடிப்படை உண்மையும் மாறவில்லை. நோபெல் பரிசு பெற்ற காலத்தில் தாம் ஆற்றிய சொற்பொழிவின் தலைப்பில் அவர் முதலில் நிறுத்தியதும் வாதநோய் முதலியவற்றின் மீளுந்தன்மையையே. 

முடிவுரை

மாணவ நண்பர்காள்! இவ்வரலாறு மருத்துவம் பயில்வார்க்கே உரியதன்று. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வார்க்கும், சொல்லின் வரலாறு நாடுவார்க்கும், ஆய்வுக்கூடத்தில் நிற்பார்க்கும் இது பொருந்தும். நிலவும் கொள்கைக்கு மாறான சிறு செய்தி ஒன்று எதிர்ப்படும்போது, அதனைப் பிழையென்று தள்ளுவாரே பலர். அச்செய்தியைக் குறித்து வைத்து, அதற்குத் துணையாவன வேறு உளவோ எனத் தேடி, விடை கிடையாத ஆண்டுகளிலும் அதனைக் கைவிடாது நிற்பவர் சிலரே. அச்சிலருள்ளும், தாம் பெற்ற வெற்றியின் குறையைத் தாமே முன்வந்து கூறுவார் மிகச் சிலர். நோயாளியின் சொல்லை அவர் மதித்தமையால் மருந்து பிறந்தது. மருந்தின் குறையை அவர் மறையாமையால் அதன் அளவு தெளிவதற்கு வழி பிறந்தது. இரண்டும் ஒரே நேர்மையின் இரு கிளைகள். கண்டதைக் கண்டவாறே கொள்ளும் அந்நேர்மை நம் கல்வியிலும் வேர்கொள்வதாக.